மேடம் சொல்லாதவை

மகனே, கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இதை எழுதுவது உன் தங்கை. சொல்வது நான். எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுத வரும் என்பது உனக்குத் தெரியாததல்ல. பதினொன்றாம் வகுப்புக்காரி, பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி அட்டையில் தாளைச் செருகி, ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு, அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். "நீ பேசுறத அப்படியே எழுதுனா அண்ணனுக்கு வாசிக்கச் செரமமா இருக்கும்மா. நான் புத்தகத் தமிழ்ல எழுதுறேன். ஆனா விசயத்த மட்டும் மாத்த மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால் இதில் வருவதெல்லாம் உண்மை என்று நீ நம்பலாம். என்னை நம்ப வேண்டாம், அவளை நம்பு.

போன வாரம் அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மேல்தோட்டத்துக்கு வந்து, பூண்டுக் கொட்டகையின் கதவுக்கு வெளியே நின்று ஏதோ சொல்லத் தொடங்கியபோது நீ உள்ளேயிருந்து சொன்னாயாம்: "பேசாத. எழுதிக் குடு. பேசுனா அதுக்குள்ள வேற சத்தமும் கலந்துருது. எழுதுனது எழுதுனபடியே கெடக்கும்." அவள் மூச்சு வாங்க ஓடி வந்து இதை என்னிடம் சொன்னாள். ஏழு மாதத்தில் நீ எங்களிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. தன் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். இதற்கு உறை போடவில்லை, மடித்து ஒட்டவுமில்லை. ஒட்டினால் யாரோ பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று உனக்குத் தோன்றும். உன் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தருகிறோம். உன்னைப் பற்றி உனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் இனி எதுவும் இருக்கக்கூடாது.

மன்னவனூரில் உன் வயதுப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ போனது நாலு பாத்தி தள்ளி. அடுப்படி ஜன்னலில் நின்றால் கொட்டகையின் தகரக் கூரை தெரிகிறது. மஞ்சு இறங்கினால்தான் மறைகிறது. ஆனாலும் அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை எட்டிவிடுகிறார்கள், என்னால் உன்னை எட்ட முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு வருகிறேன், தட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். தட்டின் ஓரத்தில் வைக்கும் மாத்திரைப் பட்டையில் சில நாள் ஒரு குழி காலியாக இருக்கிறது, சில நாள் இல்லை. மாதம் ஒருமுறை வரும் நர்ஸுக்கு மட்டும் கதவை ஒரு சாண் திறக்கிறாய். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறோம். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீ மறுபடியும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மேடத்தின் முன்னால் உட்கார வேண்டும். நீ அங்கே போகாமல் போனதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

திண்டுக்கல்லில் காலேஜ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவன் பாதியில் பையோடு வந்து நின்றாய். பஸ்ஸில் எல்லோரும் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள் என்றாய். நான் சிரித்தேன். "ஏலே, அவங்கவங்களுக்கு ஆயிரம் சோலி கெடக்கு. உன்னயப் பேசுறதுக்குத்தான் பஸ் ஏறுனாங்களாக்கும்" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றைக்கு நான் சிரிக்காமல், "அப்படியா, பயமா இருந்துச்சாய்யா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதன் பிறகு நீ தூங்காத வாரங்கள், குறி சொல்லும் கோடாங்கியிடம் போனது, அங்கே உன் கையைப் பிடித்து உட்கார வைத்தது எல்லாம் உனக்கே தெரியும். கடைசியில்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மனச்சிதைவு என்று நோயின் பெயரைச் சொல்லி மாத்திரை எழுதினார். கூடவே, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அடுத்த அறையில் ஆலோசகராக இருக்கும் மேடத்திடம் வந்து பேச வேண்டும் என்றார். உன் அப்பா வாசலிலேயே என்னைக் கேட்டார்: "பேசுறதுக்கா இம்புட்டுத் தொலவு பஸ் ஏறி வரணும்? நம்மூரு டீக்கடையில இல்லாத பேச்சா?"

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த அறைக்குள் பெரிதாக ஏதோ நடக்கும், உன் மனதுக்குள் இருப்பதை அந்த அம்மா கயிறு போட்டு வெளியே இழுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஒரு நாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. பெஞ்சில் இருந்தவள் நகர்ந்து நகர்ந்து கதவோரம் போய்விட்டேன். ஆமாம், ஒட்டுக் கேட்டேன். இதையும் எழுது என்று உன் தங்கையிடம் சொல்லிவிட்டேன். உள்ளே மேடம் கேட்டார்: "இன்னிக்கு பஸ்ல சீட் கெடச்சுதா?" நீ "பூம்பாறை வரைக்கும் நின்னுட்டே வந்தேன்" என்றாய். "கூட்டத்துல சத்தம் அதிகமாச்சா?" "ஆச்சு." "அப்ப என்ன செஞ்சீங்க?" "கம்பியில இருந்த திருகாணிய எண்ணுனேன்" என்றாய். மேடம் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "நல்ல வேலை. நானா இருந்தா எனக்கு அது தோணியிருக்காது" என்றார். நீயும் சிரித்தாய். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு உன் சிரிப்பை நான் கேட்டது ஒரு கதவுக்கு வெளியே இருந்துதான்.

வீட்டுக்கு வந்து, இவ்வளவுதானா வைத்தியம் என்று உன் தங்கையிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவள் அடுத்த முறை நம்மோடு வந்தபோது உன் அனுமதியைக் கேட்டுக்கொண்டு மேடத்திடம் நேராகவே போய்க் கேட்டுவிட்டாள், ஏன் பழையதைக் கிளறிப் பார்ப்பதில்லை என்று. எதையோ நூலகத்தில் வாசித்துவிட்டுப் போயிருக்கிறாள். மேடம் அவளை உட்கார வைத்து, சிலருக்குக் கிளறினால் ஆறும், சிலருக்குக் கிளறினால் இன்னும் சரியும், இப்போதைக்கு அண்ணன் நிற்கிற இடத்தில் நிற்கத் துணை இருந்தால் போதும் என்றாராம். எனக்கு அது பீன்ஸ் கொடியை வைத்துத்தான் புரிந்தது. குச்சி கொடியை இழுப்பதில்லை, தள்ளுவதில்லை. ஊன்றின இடத்தில் நிற்கிறது. கொடி தானாகப் பற்றுகிறது. நீயும் பற்றினாய். இரண்டாம் வருடம் தனியாகவே பஸ் ஏறினாய். கேரட் கழுவுகிற இடத்தில் நாலு பேரோடு நின்று வேலை செய்தாய். உன் காதுக்குள் கேட்கும் சத்தம் முழுவதும் போகவில்லை, ஆனால் அதோடு இருக்கப் பழகிவிட்டாய். மாத்திரை ஒரு பக்கம், அந்தப் பேச்சு ஒரு பக்கம் என்று டாக்டரே சொன்னார்.

இங்கேதான் நான் கை வைத்தேன். ஒரு நாள் குளிரில் நீ குளிக்க மாட்டேன் என்று படுத்திருந்தாய். நான் சும்மா சொன்னேன்: "மேடம் போன்ல சொன்னாங்கய்யா, தெனமும் வெந்நீர்ல குளிக்கணுமாம். வெரசா போய்க் குளிச்சிட்டு வா." நீ உடனே எழுந்து போனாய். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் கெஞ்சினாலும் அழுதாலும் நடக்காதது, அவர் பெயரைச் சொன்னால் நடந்தது. பிறகு பீடியை விடச் சொன்னேன், மேடம் பெயரால். சித்தி மகள் கல்யாணத்துக்கு வரச் சொன்னேன், மேடம் பெயரால். வெள்ளனே எழுந்திருக்க, முகம் சவரம் செய்ய, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் வணக்கம் சொல்ல, எல்லாம் மேடம் பெயரால். உன் அப்பாவும் பழகிக்கொண்டார். நீ ஒருமுறை உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிவிட்டு வந்து கேட்டாய்: "ஏம்மா, மேடம் பூண்டு உரிக்கக்கூடச் சொன்னாங்களா?" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். உன் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது, "தப்பும்மா இது" என்றாள். "நல்லதுக்குத்தானடி" என்றேன். உனக்கு ஊன்றிய குச்சியைப் பிடுங்கி, அதை வைத்தே உன்னை ஓட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

"தெரியவில்லை" என்று நான் சொன்னதை எழுதிவிட்டு உன் தங்கை பேனாவை வைத்துவிட்டாள். "தெரிஞ்சுதானம்மா செஞ்ச. நான்தான் சொன்னேனே" என்கிறாள். சரி. தெரிந்துதான் செய்தேன். கெட்டது வரும் என்று தெரியாமல், பொய் என்று தெரிந்தே செய்தேன். இப்போது மறுபடி எழுதுகிறாள்.

இனி முடி விஷயம். நீ தூங்காமல் இருந்த முதல் வருடத்தில், என் பிள்ளைக்குச் சுகமானால் பழனியில் அவனுக்கு மொட்டை போடுகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். உனக்குச் சுகம் ஆக ஆக, அந்தக் கடன் என் தலைமேல் ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் செலுத்தவில்லையே, கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வானோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். நீ முடியை வளர்த்து, காது மூடும்படி இழுத்து விட்டுக்கொண்டிருந்தாய். "என்ன வேணாலும் செய்யி. முடிய மட்டும் தொடாத" என்று இரண்டு வருடம் மறுத்தாய். நான் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயோ என்னவோ. பூண்டு எடுத்து முடிந்த பிறகு ஒரு காலையில் உன்னிடம் வந்து, "மேடத்துக்கிட்டக் கேட்டேன்ய்யா. முடி எடுத்தா தலைபாரம் கொறையும், எடுக்கலாம்னு சொன்னாங்க" என்றேன். நீ சாப்பிடுவதை நிறுத்தினாய். "மேடமா சொன்னாங்க?" என்றாய். ஆமாம் என்றேன். "முடிய எடுக்கச் சொல்லியா?" ஆமாம் என்றேன். மூன்றாவது முறையும் கேட்டாய். "முருகன் மேல சத்தியமா" என்றேன். முருகனுக்குத் தர வேண்டியதைத் தருவதற்காக முருகன் மேலேயே பொய்ச் சத்தியம் செய்தேன். நீ எழுந்து கை கழுவிவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தாய். அவர் மேல் உனக்கு இருந்த நம்பிக்கையின் அளவு அது. அதை அப்போதாவது நான் பார்த்திருக்க வேண்டும்.

பழனியில் முடி எடுக்கும் இடத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாய். சவரம் செய்தவர் பொறுமையானவர். "தம்பி, கைய எடுங்க. காதோரம் எடுக்கணும்ல" என்று மூன்று தடவை சொன்னார். கடைசியில் நீ கையை எடுத்தாய். சந்தனம் பூசிய தலையோடு மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். பெருமாள்மலைக்கு முந்தின வளைவுகளில் திடீரென்று எழுந்து நின்று கத்தினாய்: "அவங்களுக்கு மட்டுந்தான சொன்னேன்! முடி மூடியிருந்தா சத்தம் கம்மியாக் கேக்குதுன்னு அவங்களுக்கு மட்டுந்தான சொன்னேன்!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "என்னம்மா ஆச்சு தம்பிக்கு?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, வளைவு சுத்துறதுல தலை சுத்துது" என்றேன். வாயைத் திறந்தால் பொய்தான் வந்தது. அன்றிலிருந்து நீ குரங்குக் குல்லாயைக் கழற்றவில்லை. நம் ஊரில் எல்லோரும் போடுவதுதானே என்று நான் விட்டுவிட்டேன். வெயிலிலும் போட்டிருக்கிறாய் என்று கண்டுபிடித்தவள் உன் தங்கை. ஒரு வாரத்தில் நீ போர்வையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாய். அடுத்த வியாழக்கிழமை பஸ் ஹாரன் அடித்தது, நீ வரவில்லை.

நான் தனியாகப் போனேன். முதல் தடவை உனக்குக் காய்ச்சல் என்றேன். இரண்டாம் தடவை தோட்டத்தில் வேலை என்றேன். மூன்றாம் தடவை மேடம், "காரணம் எதுவும் சொல்ல வேண்டாம்மா. அவர் வரலைன்னா வரலை" என்றார். அந்த வார்த்தையில் நான் உடைந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், வெந்நீரில் தொடங்கி மொட்டை வரைக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எனக்குக் கோவமா இருக்கும்மா. ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றார். நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்: "எங்களுக்குள்ள என்ன பேசினோம்ங்கறத உங்ககிட்டச் சொல்ல முடியாது. ஆனா நான் சொல்லாதது எது எதுன்னு உங்களுக்குத் தெரியும். அத அவர்கிட்டச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்லிப் பிரயோசனம் இல்ல." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை மன்னவனூருக்கு வந்து உன் கதவைத் தட்டும்படி கெஞ்சினேன். "அவர் கூப்பிட்டா கண்டிப்பா வருவேன். ஆபத்துன்னா டாக்டரோட வருவேன். நீங்க கூப்பிட்டதுக்காக வந்தா, அம்மா சொல்றபடிதான் நான் நடக்கிறேன்னு அவர் நெனச்சது உண்மையாயிரும்" என்றார்.

அதன் பிறகும் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. போன மாதம், நாலு நாள் தொடர்ந்து பட்டையில் ஒரு மாத்திரைகூடக் குறையாதபோது, பூண்டு தட்டும் கல்லில் மாத்திரையை வைத்துப் பொடித்து உன் ரசத்தில் போட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன் தங்கை கல்லில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். ரசத்தை எடுத்துப் போய்க் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்தாள். "அவன் இப்ப நம்புறது அந்தத் தட்ட மட்டுந்தாம்மா. அதையும் எடுத்துராத" என்றாள். சீருடையோடு நின்று அழுதாள். நானும் அழுதேன். வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், ஒருவருக்கும் வழி தெரியவில்லை. உன் அப்பா டீக்கடைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்.

ஆகையால் கேள். வெந்நீரில் குளிக்கச் சொன்னது மேடம் இல்லை, நான். பீடியை விடச் சொன்னது நான். கல்யாணத்துக்கு வரவைத்துக் கூட்டத்தில் உன்னை உட்கார வைத்ததும் நான்தான். அன்று நீ எவ்வளவு தவித்தாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மேடம் எனக்குப் போன் செய்ததே இல்லை. முடியை எடுக்கச் சொன்னது நான். உன் காதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட அன்றும் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்தது நீ பஸ்ஸில் கத்தியபோதுதான். நீ அவரிடம் சொன்னது அவரிடமே இருக்கிறது. உன்னைக் காட்டிக்கொடுத்தது அவர் இல்லை. பெற்றவள்தான் காட்டிக்கொடுத்தேன், அதுவும் எதைக் காட்டிக்கொடுக்கிறேன் என்றுகூடத் தெரியாமல். உனக்கு யார் மேலாவது நம்பிக்கை போக வேண்டுமென்றால் என் மேல் போகட்டும். அது நியாயம்.

உன் முடி மறுபடி காதின் மேல் ஓரத்தைத் தொட்டுவிட்டது என்று உன் தங்கை சொல்கிறாள், தட்டு எடுக்க வந்தபோது கதவிடுக்கில், உன் குல்லாய் மேலே ஏறியிருந்ததில் பார்த்தாளாம். வளரட்டும். இனி அதை யாரும் தொட மாட்டோம். முருகனுக்கு நான் தனியாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு இத்தனை மாதமாக நான் ஒவ்வொரு வியாழக்கிழமை முறைக்கும் பஸ் ஏறிப் போய், அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். மேடம் என்னை உள்ளே கூப்பிடுவதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரும் சும்மா உட்கார்ந்திருப்பார். எதிர் நாற்காலி காலியாக இருக்கும். இந்த வாரத்திலிருந்து நான் போக மாட்டேன். என்னை அங்கே பார்த்தால் உனக்கு அந்த இடமும் என்னுடையதாகத் தெரியும். பஸ் எட்டு மணிக்கு, அது உனக்கே தெரியும். நீ ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஜன்னலில் நின்று பார்ப்பதை மட்டும் என்னால் நிறுத்த முடியாது.

முடிக்கும்போது ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "மேடம் உன்னை வரச் சொன்னாங்கன்னு எழுது" என்றேன். பேனா நின்றுவிட்டது.

"சொன்னாங்களாம்மா?"

"அதுக்கு அர்த்தம் அதுதானடி."

"அர்த்தத்தக் கேக்கல. சொன்னாங்களா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப என்ன சொன்னாங்க? அத மட்டும் சொல்லு."

சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். கடைசியாகப் பார்த்தபோது மேடம் சொன்னது இவ்வளவுதான், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை: "வியாழக்கிழமை பதினோரு மணி அவரோடது. வேற யாருக்கும் நான் அதக் குடுக்கல."